கிளாக்கர் ஐயாவுக்குப் பட்டர் செய்த கதை

எனக்கு ஒரேயொரு குறை உண்டு. ஒரு பெருமையைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று என் காதுக்கே கேட்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் அதை நம்பியிருப்பார்.

மற்றபடி என்னிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சொல்வாள். அவள் கதையை நம்ப வேண்டாம்.) தாய் தகப்பன் இல்லை. பதினான்கு வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில் எஞ்சின் துடைக்கத் தொடங்கி, இருபத்தேழு வயதில் உள்துறைமுகக் கரையில் சொந்தமாக ஒரு வேலைத்தலம் போட்டுவிட்டேன். முன்னால் வேலைத்தலம், பின்னால் ஓர் அறை. அறையின் பின்கதவைத் திறந்தால் பத்தடியில் கடல். படகு எஞ்சின் இருமுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவரே என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார். (கழிப்பறை எங்கே என்று கேட்டாராம். இதுவும் மனைவி சொல்வதுதான்.)

இப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் கிடைப்பது கஷ்டமா? கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் ஆசைப்பட்டது கிளாக்கர் ஐயாவின் மகள் புவனத்தை. கோயில் வீதியில் அவள் குடை விரியாமல் நின்றபோது நான் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தேன். அவள் "தாங்ஸ்" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்தேன். எனக்காகப் பேச வீட்டில் பெரியவர்கள் இல்லாததால், கிண்ணியாவிலிருந்து படகில் தயிர் கொண்டுவந்து பட்டணத்தில் விற்கும் சலீம் காக்காதான் போய்ப் பேசினார். அவருடைய படகு எஞ்சினுக்கு நான்தான் வைத்தியன்.

கிளாக்கர் ஐயா என்று ஊரே கூப்பிட்ட இராசையா, துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் பேனை பிடித்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். வீட்டை நடத்தியது அவருடைய அக்கா மனோன்மணி அம்மா. சலீம் காக்கா போய்வந்து சொன்ன செய்தி இதுதான்:

"தம்பி, கிளாக்கர் ஐயா ஓமெண்டும் சொல்லல்ல, இல்லெண்டும் சொல்லல்ல. அக்காக்காரிதான் முகத்தத் திருப்பிட்டா. படிப்பில்ல, சாமி கும்பிடுறதா தெரியல்ல, உடம்பு முழுக்க எண்ணெய் எண்டு சொன்னா."

"எண்ணெய் கழுவினாப் போகும் காக்கா."

"நானும் அதத்தான் சொன்னன். படிப்பும் கழுவினாப் போயிருமா எண்டு கேட்டா. இன்னொரு விசயம். போன வருசம் வந்த மாப்பிள்ள, காணி அளக்கிற சேர்வயர் எண்டு சொன்னவன். விசாரிச்சா, சேர்வயருக்குப் பின்னால சங்கிலி தூக்குறவன். கிளாக்கர் ஐயா வாசல்லயே நிப்பாட்டி அனுப்பிட்டார். பொய் மட்டும் அந்த மனிசனுக்கு ஏலாது. பாத்துக் கதைங்க."

பார்த்துக் கதைக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கிளாக்கர் ஐயாவே மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு என் வேலைத்தலத்துக்கு வந்தார். விசிறி ஒரு சாட்டு என்று எனக்கு விளங்கியது. கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன எழுபதுகளின் தொடக்கம் அது. கடைகளில் பட்டர் கண்ணில் படுவதே இல்லை. வெள்ளைக்காரத் துரைமாரோடு வேலை செய்த காலத்தில், காலையில் இரண்டு துண்டுப் பாணுக்குப் பட்டர் பூசிச் சாப்பிடப் பழகியவர் கிளாக்கர் ஐயா. பட்டர் நின்றதும் அவருக்கு வாழ்க்கையில் பாதி நின்றுபோனது.

"விசிறி சுத்தினா என்ன, சுத்தாட்டி என்ன தம்பி," என்றார். "காலமை பாணைக் கையில எடுத்தா அழுகை வருது. எட்டு மாசமாப் பட்டரைக் கண்ணால காணேல்லை."

என் வாய் திறந்தது.

"பட்டர்தானே ஐயா? அது நான் வீட்டிலயே செய்யிறனான்."

அவர் எழும்பிவிட்டார். "நீரோ? பட்டரோ?"

"ஓம் ஐயா. கிழமைக்கு ஒருக்காச் செய்வன். கடைப் பட்டர் எனக்கு வாய்க்குப் பிடிக்காது."

(அதுவரைக்கும் நான் பட்டர் சாப்பிட்டது வாழ்க்கையில் இரண்டே தரம். இரண்டும் அடுத்தவர் வீட்டுக் கலியாணக் கேக்கில்.)

கிளாக்கர் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, விசிறியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "அப்ப சரி. ஞாயிறு காலமை நானும் அக்காவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வாறம். பாண் நான் கொண்டுவாறன். பட்டர் உம்மட பொறுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீடு என்று அவரே சொல்லிவிட்டார்! சந்தோஷத்தில் அந்த விசிறியின் தகட்டைத் தலைகீழாகப் பூட்டினேன். அது பல நாள் சுவருக்குக் காற்று வீசியது.

பட்டர் செய்வது எப்படி என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். அடுத்த வீட்டில் கேட்டால் கதை கோயில் வீதி வரை போகும். அதோடு, எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்குப் பாலைக் கடைய ஒரு ஆள் சொல்லித் தரவேண்டுமா? சின்ன வயதில் தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் மத்தால் கடைவதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அங்கே கடைந்தது தயிர் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

வியாழன் பின்னேரம் பசுப்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, போத்தலில் ஊற்றி மூடிக் குலுக்கினேன். வலது கை ஓய்ந்ததும் இடது கை. கிடைத்தது நுரை. நுரை அடங்கியதும் கிடைத்தது பால்.

வெள்ளிக்கிழமை காலை சலீம் காக்கா தயிர்ச் சட்டிகளோடு படகில் வந்தார். வேறு வழியில்லாமல் அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படகும் சேர்ந்து ஆடியது.

"அப்ப கிழமைக்கு ஒருக்காச் செய்ற ஆளுக்குத் தயிர்தான் வேணுமெண்டு தெரியாதா?"

"காக்கா, சிரிக்கிறதெண்டா சிரிச்சிட்டுத் தயிரைத் தாங்கோ."

நான்கு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். கத்தி போட்டால்தான் வெட்டுப்படும்; அவ்வளவு கெட்டி. கையால் கடைய மூன்று மணித்தியாலம் ஆகும் என்று காக்கா சொன்னார். மூன்று மணித்தியாலமா? என்னிடம் இரும்பைத் துளைக்கிற மெசின் இருக்கிறதே! புதிதாக வாங்கிய மத்தின் காம்பைச் சீவி, துளைபோடும் ஊசி பூட்டுகிற இடத்தில் பூட்டினேன். கீழே ஒரு அலுமினியப் பானை. அதில் இரண்டு சட்டித் தயிர். மெசினுக்கு மெதுவான ஓட்டமும் உண்டு, வேகமான ஓட்டமும் உண்டு. பட்டர் அவசரமாகத் தேவைப்பட்டதால் வேகத்தில் போட்டேன்.

அதன் பிறகு சில நொடிகள் நான் எதையும் பார்க்கவில்லை. கண் இமைகளில் தயிர் இருந்தது.

பானைக்குள் மிஞ்சியது ஒரு கரண்டி. கூரையில், சுவரில், மீனவர் சங்கத் தலைவருடைய படகு எஞ்சினில், என் மூக்குக்குள் எல்லாம் தயிர். சலீம் காக்கா வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி உதறினார்.

"தம்பி, இது தயிர். கப்பல் இல்ல. மெல்ல ஓட்டுங்க. என்ட ஊட்டுக்காரி குளுந்த தண்ணி ஊத்தித்தான் கடைவா. சூட்டுக்கு வெண்ண திரளாதாம்."

குளிர்ந்த தண்ணீர் என்று அவர் சொன்னதும் நான் மீன்வாடிக்கு ஓடி ஒரு பாளம் ஐஸ் தூக்கிவந்தேன். எதையும் சிறிய அளவில் செய்ய எனக்கு வராது. சனிக்கிழமை காலை மிச்சமிருந்த இரண்டு சட்டியையும் பானையில் போட்டு, பானையை ஐஸில் இறக்கி, மெசினை மெதுவாக ஓடவிட்டேன். அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மத்தின் சத்தம் மாறியது. சொன்னேனே, சத்தத்தில் நான் கெட்டிக்காரன். சளசள என்று ஓடியது தொப்தொப் என்று அடித்தது. நிறுத்திப் பார்த்தால், மோருக்கு மேலே மணிமணியாக வெண்ணெய் மிதக்கிறது!

வாழ்க்கையில் எத்தனையோ எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் எதிலும் வரவில்லை. வெண்ணெயை அள்ளி உருட்டி, ஐஸ் தண்ணீரில் கழுவி, வேலைத்தலத்துக்குள் தனியாக ஓர் ஆட்டம் ஆடினேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

உருட்டிய வெண்ணெயைப் பார்த்தேன். சுண்ணாம்பு போல வெள்ளை வெளேர் என்று இருந்தது. கேக்கில் நான் கண்ட பட்டரும் கடைப் பட்டர்த் தகர ரின்னில் ஒட்டியிருந்த படமும் மஞ்சள். எருமை வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிளாக்கர் ஐயா இதைக் கண்டால் பொய் என்பாரே! கடைக்குப் போய் மஞ்சள் தூள் வாங்கிவந்து பிசைந்தேன். கொஞ்சம் போட்டால் போதும் என்று புத்தி சொன்னது. கை தாராளமான கை. வெண்ணெய் தகதக என்று சாமந்திப்பூ நிறத்துக்கு வந்தது.

அடுத்தது வடிவம். கடைப் பட்டர் ஓர் ஒழுங்கோடு இருக்கும். இது உருண்டையாக இருந்தது. அச்சு இல்லை. வேலைத்தலத்தில் பாவிக்காத புதுப் புனல் ஒன்று இருந்தது. அதற்குள் வெண்ணெயை இறுக்கி அடைத்து ஐஸில் வைத்தேன். ஞாயிறு காலை தட்டியதும், கீழே அகன்று மேலே கூம்பி, அழகாக வந்து விழுந்தது. ஒட்டாமல் இருக்க ஒரு வாழையிலைத் துண்டை விரித்து, பித்தளைத் தட்டில் நிமிர்த்தி வைத்தேன்.

எறும்பு! என் அறையில் எறும்பு ஏறாத இடம் ஒன்றே ஒன்று. சுவாமிப் படம் வைத்திருந்த தொங்கு தட்டு. அதன் கம்பிக்கு நான் கிரீஸ் பூசியிருந்தேன். பட்டரை அங்கே, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் போடப் பின்பக்கம் போனேன்.

மஞ்சள் நிறம், கூம்பு வடிவம், வாழையிலை, பித்தளைத் தட்டு, சுவாமிப் படம். வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு விளங்கவில்லை.

நல்ல காரியம் எது தொடங்கினாலும் மஞ்சளைக் குழைத்துக் கூம்பாகப் பிள்ளையார் பிடித்து, உச்சியில் அறுகம்புல் குத்தி, கும்பிட்டுவிட்டுத்தானே எங்கள் சனம் தொடங்கும்? நான் தேத்தண்ணீரோடு திரும்பி வந்தபோது, அதற்குள் வந்துசேர்ந்திருந்த மனோன்மணி அம்மா என் பட்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்து, உச்சியில் அறுகம்புல் குத்தி, கற்பூரம் கொளுத்தி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது மனுசி. முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

தேத்தண்ணீர்க் கோப்பைகளை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

மனோன்மணி அம்மா திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். படிப்பில்லாட்டி என்ன? பொம்பிளையில்லாத வீட்டில, விடிய எழும்பி, தன்ர கையால பிள்ளையார் பிடிச்சு வைச்சிருக்கிறியள். எந்தப் பிள்ளை இப்பிடிச் செய்யும்?"

நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அது பட்டர் என்று சொன்னால் அக்கா போச்சு. சொல்லாவிட்டால் அவருடைய தம்பி போச்சு. அந்த நேரம் பார்த்துக் கிளாக்கர் ஐயா முன்பக்கத்திலிருந்து வந்து, பாணைப் பிரித்து, கத்தியையும் எடுத்து வைத்து, கதிரையில் அமர்ந்தார். மூன்று நாளாகக் காத்திருந்த முகம்.

"எங்க தம்பி பட்டர்?"

"குளிரில வைச்சிருக்கிறன் ஐயா. இப்ப... வரும்."

"கெதியாக் கொண்டாரும்."

கற்பூரம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையாரின் நெற்றியிலிருந்து ஒரு துளி உருண்டு வந்தது. பிறகு இன்னொன்று.

"ராசையா!" என்று கத்தினார் மனோன்மணி அம்மா. "இஞ்ச வந்து பார்! பிள்ளையாருக்கு வேர்க்குது!"

கிளாக்கர் ஐயா ஒரு துண்டுப் பாணைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்தார். பார்த்ததைவிட அதிகமாக மூக்கை உறிஞ்சினார். "அக்கா, பிள்ளையாரில ஒரு நல்ல வாசம் வருதெல்லே?"

"சந்நிதானத்தில மூக்கைச் சுழிக்காதை! உருக்குலைய முதல் தண்ணியில கரைக்க வேணும். தம்பி, பின்கதவைத் திறவுங்கோ!"

திறந்தேன். வேறென்ன செய்வது? முன்னால் மனோன்மணி அம்மா தட்டைத் தலைக்கு மேல் ஏந்தியபடி. பின்னால் பாண் துண்டோடு கிளாக்கர் ஐயா. கடைசியில், பலி கொடுக்கப் போகிற ஆடு மாதிரி நான். மனோன்மணி அம்மா முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, கண்ணை மூடி, "பிள்ளையாரே, இந்தப் பெடியன் எங்கட பிள்ளைக்குச் சரியெண்டா ஒரு குறி காட்டப்பா," என்று சொல்லிப் பிள்ளையாரைக் கடலில் அமிழ்த்தினார்.

மஞ்சள் பிள்ளையார் தண்ணீரில் கரைவார். என்னுடையவர் கரையவில்லை. ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, மேலே வந்து மிதந்தார்.

மனோன்மணி அம்மா மறுபடி அமிழ்த்தினார். மறுபடி வந்தார். மூன்றாம் தரமும் வந்தார். உள்துறைமுகம் அன்று குளம் போலக் கிடந்தது. அறுகம்புல்லைக் கப்பல் பாய் போல விரித்துக்கொண்டு, குங்குமப் பொட்டோடு, பிள்ளையார் மெல்ல மெல்ல வெளியே புறப்பட்டார்.

"போகமாட்டனெண்டு நிக்கிறாரே!" மனோன்மணி அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "இது என்ன குறி? நல்லதோ கெட்டதோ?"

அப்போதுதான் சலீம் காக்காவின் படகு வந்தது. எஞ்சினை நிறுத்தி, குனிந்து, தண்ணீரிலிருந்து அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். கரையில் நிற்பவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூணு நாளாப் பாடுபட்டுச் செஞ்ச பட்டரக் கொண்டுவந்து கடல்ல உட்டுட்டீங்க?"

கிளாக்கர் ஐயா கையிலிருந்த பாண் துண்டைப் பார்த்தார்.

"பட்டரோ?" என்றார் கிளாக்கர் ஐயா.

இனி மறைக்க என்ன இருக்கிறது? கடலைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அது பட்டர், மஞ்சள் போட்டது நான், வியாழக்கிழமை வரைக்கும் என் வாழ்க்கையில் பட்டர் செய்ததில்லை, கிழமைக்கு ஒருக்கால் என்றது பொய். "மன்னியுங்கோ ஐயா. வாய் தவறிப்போச்சு."

கிளாக்கர் ஐயா சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். சலீம் காக்கா நீட்டியதிலிருந்து விரலால் ஒரு வழி வழித்து, கையிலிருந்த பாணில் பூசி, கடித்தார். மென்றார். கண்ணை மூடினார். சேர்வயர் என்று சொன்னவனை வாசலில் நிறுத்தி அனுப்பிய மனிதர். நான் என் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

"உப்பு," என்றார், "அளவா இருக்கு."

"ராசையா! சாமியைத் தின்னாதையடா!"

"பிரசாதம் அக்கா," என்று இன்னொரு கடி கடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பொய் சொன்னவங்கள் கனபேரைப் பார்த்திட்டன். சொன்ன பொய்யை மூண்டு நாளா மாடு மாதிரி உழைச்சு உண்மையாக்கினவனை இப்பதான் பார்க்கிறன். எனக்குச் சம்மதம். ஆனா அக்காவைக் கேட்கவேணும்."

எல்லோரும் மனோன்மணி அம்மாவைப் பார்த்தோம். ஈரச் சேலையோடு நின்றார். முகத்தில் கோபம், வெட்கம், முழங்கால் நோ, எல்லாம் இருந்தன. கடைசியில் விரலை நீட்டிச் சொன்னார்:

"நான் கும்பிடேக்க அது பிள்ளையார்தான். கும்பிட்டு முடிச்ச பிறகுதான் பட்டர். விளங்குதோ?"

"ஓம் அம்மா."

"நான் பட்டருக்குத் தோப்புக்கரணம் போட்டனெண்டு இந்தக் கதை வெளியில போகக் கூடாது."

"போகாது அம்மா."

"உன்ர வாயை எனக்குத் தெரியும்!" என்றார். நீங்கள் நீ ஆகிவிட்டது. "உன்னை வெளியில விட்டா ஊர் முழுக்கச் சொல்லுவாய். ராசையா, இவனைக் குடும்பத்துக்குள்ள எடுத்தாத்தான் கதை உள்ளுக்க நிக்கும். நாள் பார்."

அப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. வாயால் கெட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வாய்க்குப் பயந்து பெண் கொடுக்கப்பட்டவன் நான் ஒருவன்தான். புவனத்துக்கு அன்று பின்னேரமே தகப்பன் முழுக்கதையையும் சொல்லிவிட்டாராம். மறுநாள் சலீம் காக்காவிடம் அவள் கொடுத்து அனுப்பிய செய்தி, "அடுத்த முறை மஞ்சள் குறைவாப் போடச் சொல்லுங்கோ" என்பதுதான்.

கதை எத்தனை நாள் உள்ளே நின்றது என்று கேட்காதீர்கள். சலீம் காக்காவின் படகுக்கு முன்பே கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சில வருடங்கள் கழித்து எங்கள் மூத்த மகளுக்கு எழுத்துப் பழக ஏடு தொடக்கினோம். ஐயர் உண்மையான மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துவிட்டுக் கற்பூரத்தை எடுத்தார். மனோன்மணி மாமி "பொறுங்கோ ஐயர்," என்று முன்னால் வந்தார். சிறு விரல் நகத்தால் பிள்ளையாரின் அடியில் கொஞ்சம் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி, இனிக் கொளுத்துங்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் காதைப் பிடித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் இது முறையாகிவிட்டது. கலியாணமோ, வீடு குடிபுகுதலோ, பிள்ளையார் பிடித்தால் வீட்டில் மூத்தவர் ஒருவர் சுரண்டி ருசி பார்க்காமல் கற்பூரம் எரியாது. மாமிக்குப் பிறகு மாமா, அதாவது கிளாக்கர் ஐயா, பார்த்தார். (அவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏமாந்த முகத்தோடுதான் திரும்புவார்.) இப்போது மூத்தவன் நான். போன மாதம் பேரனுடைய கலியாணத்தில் நான் சுரண்டியபோது, ஊருக்குப் புதிதாக வந்த இளம் ஐயர் பதறிப்போய், "என்ன ஐயா செய்யிறியள்?" என்று கேட்டார்.

"மஞ்சள்தான்," என்றேன். "தொடங்குங்கோ."